கேட் போட்டுவிட்டால் கீரை எவ்வளவு தூரம்?

அண்ணா, வணக்கம். நான் வியாசர்பாடி. கேம் டிசைன் படிக்கிறேன். வெளிநாட்டில் கேம் எஞ்சினுக்குள் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஒரு ஏரியாவையே கட்டி, அங்கே இருப்பவர்களுக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது, கடையை எங்கே வைத்தால் காய்கறி வாங்குவார்கள் என்று பார்க்கிறார்களாம். நம்ம பக்கத்தை அப்படிச் செய்யலாம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். "பசிக்கு கேம் ஆடுவியா?" என்கிறார் அப்பா. இது உருப்படியான வேலையா, வெறும் பந்தாவா?
– ஒரு வாசகர்

தம்பி,

உருப்படியான வேலைதான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: நெதர்லாந்தில் கணினிக்குள் ஒரு முப்பரிமாண சூப்பர் மார்க்கெட்டைக் கட்டி, ஆட்களை அதில் ஒரு வாரத்துக்கான சாமான் வாங்கச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் காய், பழத்தில் 25 சதவீதம் தள்ளுபடி. 2012இல் வந்த முடிவின்படி, அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாக வாங்கினார்கள். (வாங்கியது திரையில்தான், சமைத்துச் சாப்பிட்டார்களா என்பது வேறு கதை.) இதையே நிஜக் கடையில் செய்ய எத்தனை முதலாளிகளிடம் கெஞ்ச வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்த சூப்பர் மார்க்கெட்டைத் தூக்கி வந்து வியாசர்பாடியில் வைத்தால் ஒன்றும் விளங்காது. அங்கே கடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. நம்ம பக்கம் சாப்பாடு இடத்தைவிட நேரத்தைப் பொறுத்தது. கீரைக்கார அம்மா காலை எட்டரைக்கு மேல் தெருவில் இல்லை. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய் என்று மேப்பில் ஒரு புள்ளி வைத்துவிடலாம், பத்து மணிக்கு மேல் போகிறவருக்கு அந்தப் புள்ளியால் என்ன பயன்? காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் விலை எங்கேயோ போய்விடும். என் அம்மா வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு பஸ் இறங்கும்போது தெருவில் எரிகிற விளக்கெல்லாம் சிக்கன் பக்கோடா வண்டியும் ஃப்ரைடு ரைஸ் வண்டியும்தான், நாங்கள் அதைத் தின்றுதான் வளர்ந்தோம். காய்கறிக்கடை நாலு தெரு தள்ளி இருக்கத்தான் செய்தது, மூடிக் கிடந்தது. மேப்பில் பார்க்கிறவர் என்ன சொல்வார்? காய்கறி வசதியுள்ள ஏரியா என்பார்.

இங்கேதான் உங்கள் எஞ்சினுக்கு வேலை. கேமில் ஒரு ஆள் நடந்து போக, எந்தத் தரையில் நடக்கலாம், எதில் போனால் எவ்வளவு சிரமம் என்று கணக்குப் போட்டுத்தானே வழி தேடுகிறான்? அந்தக் கணக்கில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் போடுங்கள். கூட்ஸ் வந்து கேட் போட்டுவிட்டால் எதிர்ப்பக்கக் கடை எவ்வளவு தூரமாகிறது? கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்கிற நாளில் பாலுக்கும் முட்டைக்கும் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்? காகித மேப்பில் தண்ணீரை ஏற்றி இறக்க முடியாது, உங்களால் முடியும்.

ஒரே பயம்: இப்படிக் கட்டுகிற அழகான 3டி படங்களில் முதலில் காணாமல் போவது தள்ளுவண்டி. பிளாட்பாரம் பளிச்சென்று இருக்கும், மரம் இருக்கும், கையேந்தி பவன் மட்டும் இருக்காது. அப்புறம் அந்தப் படத்தைக் காட்டியே வண்டியை அப்புறப்படுத்துவார்கள். 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்கள் மாடலை அந்த மாதிரி ஆட்கள் முன்னால் வைக்க வேண்டும், புரபசர் முன்னால் மட்டும் வைத்தால் மார்க்கோடு முடிந்துவிடும். ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு 2012இல் மைன்கிராஃப்ட் (கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற கேம்) கம்பெனியோடு சேர்ந்து ஒரு வேலை தொடங்கியது, பொது இடம் எப்படி இருக்கவேண்டும் என்று அங்கே வசிப்பவர்களே கேமில் கட்டிக் காட்டுவது. நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதிதான் ஆரம்ப இடங்களில் ஒன்று. மவுஸையே தொட்டிராதவர்களும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முழு வடசென்னையையும் கட்டப் போகாதீர்கள், டிகிரி முடியாது. ஒரு தெரு, ஒரு நாள், விடியற்காலை நாலிலிருந்து ராத்திரி பதினொன்று வரை. கிராஃபிக்ஸ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நேரம் சரியாக இருக்க வேண்டும். முடித்ததும் உங்கள் தெரு இட்லிக்கடை அம்மாவிடம் போனைக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் கடையை நீங்கள் தப்பான மூலையில் வைத்திருந்தால் நிச்சயம் திட்டுவார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.