பிஎஸ்4 நன்றாக ஓடும்போது பிஎஸ்5 எதற்கு?

கேள்வி: என்னிடம் சோனியின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கேம் மெஷின் இருக்கிறது. பிஎஸ்5 வாங்கவும் பணம் சேர்த்துவிட்டேன். ஆனால் ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’, ‘கிரான் டூரிஸ்மோ 7’ எல்லாம் பழைய மெஷினுக்கும் வந்துவிட்டனவே! பழையதில் முடியவே முடியாத கேம் என்று ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டால் ஏன் மாற வேண்டும்?

பதில்: இருக்கிறது. காரணம் உங்கள் பிஎஸ்4-க்குள் சுழலும் ஹார்ட் டிஸ்க். அது நொடிக்கு 50 முதல் 100 எம்பி வரைதான் படிக்கும். பிஎஸ்5-இல் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டே இல்லாத சிப் சேமிப்பகம். அது நொடிக்கு 5.5 ஜிபி படிக்கிறது.

2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ கேமையே எடுத்துக்கொள்ளுங்கள். நாயகன் பறக்கும் வேகத்துக்கு நகரம் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளையும் அங்கங்கே போய்த் தேட டிஸ்க்குக்கு நேரமில்லை. அதனால் தெருவோரத் தபால் பெட்டி போன்ற சின்னப் பொருட்களைக்கூட நானூறு தடவை வரை நகலெடுத்து டிஸ்க் முழுக்கப் போட்டு வைத்தார்கள். ‘காட் ஆஃப் வா’ரில் நாயகன் கிரேட்டோஸ் பாறை இடுக்கில் ஒருக்களித்து மெதுவாக நுழைவாரே, அந்த நேரத்தில்தான் அடுத்த பகுதி லோடாகிறது. பழைய மெஷினையும் மனதில் வைத்துச் செய்த கேமை எதில் போட்டாலும் அந்த இடுக்கு இருக்கும். படம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

இப்போது 2021-இல் பிஎஸ்5-க்கு மட்டும் வந்த ‘ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்’டைப் பாருங்கள். அதில் பிளிசார் பிரைம் என்று ஒரு கிரகம், சுக்குநூறாகி விண்வெளியில் மிதக்கிறது. அங்குள்ள படிகத்தை ஓங்கி ஓர் அடி அடித்தால், கண் இமைப்பதற்குள் அதே இடம் உடையாத முழுச் சுரங்கமாக மாறிவிடும். மறுபடி அடித்தால் பழைய சிதைவு. இதே கேம் 2023-இல் கணினிக்கு வந்தபோது ஹார்ட் டிஸ்க்கிலும் ஓடியது. ஆனால் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நின்று நின்று ஓடியது. தாவுவதே விளையாட்டாக இருக்கும்போது நின்றால் என்ன மிச்சம்?

பிஎஸ்4 11 கோடிக்கு மேல் விற்றது. அதனால் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் இரண்டுக்கும் கேம் தருவது நியாயம்தான். அதற்கு மேலும் இழுத்தால், புது மெஷினுக்குக் காசு கொடுத்தவருக்குப் பழைய விளையாட்டைத்தான் விற்கிறார்கள் என்பேன். இழுத்துப் பிடித்தால் பழைய மெஷின்காரருக்கும் நல்லதில்லை. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பிஎஸ்4-இல் திணறியது. வெளியான ஒரு வாரத்திலேயே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2023-இல் வந்த அதன் விரிவாக்கத்தைப் பழைய மெஷின்களுக்கு வெளியிடவே இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆசைப்படும் கேம்களை எழுதி, ஒவ்வொன்றும் பிஎஸ்4-க்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்5-க்கு மட்டுமே வந்தவை மூன்று தேறினால் தயங்காமல் வாங்குங்கள். கால்பந்தும் ஜிடிஏ 5-உம் போதும் என்றால், பிஎஸ்4-இல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் ஒரு சாதாரண சாட்டா வகை எஸ்எஸ்டி போடுங்கள். லோடிங் நேரம் நன்றாகக் குறையும்.

வாங்குவதானால் டிஸ்க் டிரைவ் உள்ளதாகப் பாருங்கள், உங்கள் பிஎஸ்4 கேம் டிஸ்க்குகள் வீணாகாது. அப்புறம், நீங்கள் விளையாடி எட்டிய இடத்தைக் காக்கும் சேவ் ஃபைல்களை ஒரே வைஃபையில் இரண்டு மெஷின்களையும் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். அதை முடிக்கும்வரை பழையதை விற்றுவிடாதீர்கள்.