துப்பாக்கியும் ஓட்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவுல ஸ்கூல்ல சுட்டுட்டாங்கன்னு நியூஸ் வர்றப்பல்லாம் என்.ஆர்.ஏ.ன்னு ஒரு பேரு அடிபடுதே, அது துப்பாக்கி செய்யற கம்பெனியா?

பதில்: கம்பெனி இல்லங்க, சங்கம். நேஷனல் ரைபிள் அசோசியேஷன். 1871ல நியூயார்க்ல ஆரம்பிச்சாங்க, காரணம் கேட்டா சிரிப்பீங்க. உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கத்து சிப்பாய்ங்க குறி பார்த்து சுடத் தெரியாம தோட்டாவை வீணடிச்சதைப் பார்த்து கடுப்பான ரெண்டு முன்னாள் ராணுவ அதிகாரிங்க, ஒழுங்கா சுடவாவது சொல்லித் தருவோம்னு தொடங்கினது. ரொம்ப காலம் வேட்டை, சுடுற போட்டி, பயிற்சி வகுப்பு, அவ்ளோதான். 1934ல மெஷின் கன்னுக்கு 200 டாலர் வரி போடற சட்டம் வந்தப்போ சங்கத் தலைவரே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட கமிட்டி முன்னாடி போய், கண்டவங்களும் துப்பாக்கியைத் தூக்கிட்டுத் திரியறது சரியில்ல, லைசென்ஸ் வேணும்னு சொல்லியிருக்கார். இன்னிக்கு ஒரு தலைவர் அப்படிப் பேசினா சாயங்காலத்துக்குள்ள பதவி காலி!

கேள்வி: அப்புறம் எங்க மாறிச்சு?

பதில்: 1977, சின்சினாட்டி. நிர்வாகிங்க அரசியலைக் குறைச்சுக்கிட்டு ஆபீஸை வாஷிங்டன்லேர்ந்து கொலராடோவுக்கு மாத்தலாம்னு இருந்தாங்க. 1968ல வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துமேல ஏற்கனவே கோபத்துல இருந்த உறுப்பினருங்க ஆண்டுக் கூட்டத்துல ராத்திரியோட ராத்திரியா அவங்களைக் கவுத்துட்டு துப்பாக்கி உரிமையில விட்டுக்கொடுக்காத ஹார்லன் கார்ட்டர் பக்கம் சங்கத்தைக் கொண்டு போயிட்டாங்க. அதுலேர்ந்து ஒரே பாட்டு தான், இரண்டாவது திருத்தம், அதாவது 1791லயே அரசியல் சாசனத்துல சேர்த்த ஆயுத உரிமை. 2008ல சுப்ரீம் கோர்ட்டும் 5க்கு 4ன்னு, அது தனிமனுஷன் உரிமைதான்னு சொல்லிடுச்சு.

கேள்வி: சின்னப் பசங்க செத்தும் கடுமையான சட்டம் வரலையே, எம்.பி.க்களை காசு கொடுத்து வாங்கிட்டாங்களா?

பதில்: காசு இருக்கு, ஆனா காசு மட்டும்னு நினைச்சா விஷயம் புரியாது. 2012ல சாண்டி ஹூக் ஸ்கூல்ல 20 குழந்தைங்க, 6 பெரியவங்க செத்தாங்க. துப்பாக்கி வாங்கறவங்க பின்னணியை இன்னும் நிறைய விற்பனைகள்ல செக் பண்ணணும்னு அடுத்த வருஷம் செனட்ல மசோதா வந்துச்சு, கருத்துக்கணிப்புல பெரும்பான்மை மக்கள் ஆதரவு, நூறு பேர்ல 54 ஓட்டும் விழுந்துச்சு. ஆனா செனட் முறைப்படி பாதிக்கு மேல இருந்தா மட்டும் போதாது, 60 வேணும், தோத்துடுச்சு. ஏன்னா ஆதரிக்கற ஜனங்க தேர்தல் அன்னிக்கு விலைவாசி, வரி, வேலைன்னு பத்து விஷயத்தைப் பார்த்து ஓட்டு போடுவாங்க, எதிர்க்கறவங்க இந்த ஒண்ணை மட்டுமே பார்த்துப் போடுவாங்க, போன் போட்டுத் திட்டுவாங்க, கட்சிக்குள்ள நடக்கற தேர்தல்லயே ஆளைத் தூக்கிடுவாங்க. என்.ஆர்.ஏ. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஏ-லேர்ந்து எஃப் வரைக்கும் ஸ்கூல் மார்க் மாதிரி கிரேடு போடும், கிராமப்புறத் தொகுதில எஃப் வாங்கினவர் பாடு திண்டாட்டம். அந்த ஓட்டர்களை வெறும் வெறியன்னு ஒதுக்கிடவும் முடியாது. போலீஸ் வந்து சேர ரொம்ப நேரமாகற இடத்துல குடியிருக்கறவங்க, அப்பா கையைப் பிடிச்சு வேட்டைக்குப் போனவங்க, அவங்களுக்கு அது குடும்பச் சொத்து மாதிரி. எனக்கு அந்த வாதம் ஒத்துக்கல, ஆனா புரியுது.

கேள்வி: யார்கிட்ட எத்தனை துப்பாக்கி இருக்குன்னு கவர்மென்ட்டுக்கே தெரியாதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தாங்க. 2018ல வந்த ஒரு மதிப்பீட்டுப்படி பொதுமக்கள்கிட்ட சுமார் 39 கோடி, ஆள் எண்ணிக்கையை விட அதிகம். ஆனா நாட்டுக்கே பொதுவா ஒரு பதிவேடு வைக்கக்கூடாதுன்னு 1986ல சட்டமே போட்டுட்டாங்க. முதல்ல லிஸ்ட் எடுப்பான், அப்புறம் வீட்டுக்கு வந்து பிடுங்குவான்ங்கற பயம். கொலை நடந்த இடத்துல ஒரு துப்பாக்கி கிடைச்சா மேற்கு வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்க்ல இருக்கற மத்திய அரசு ஆபீஸ் தயாரிப்பாளர்கிட்ட கேட்டு, அங்கேர்ந்து மொத்த வியாபாரி, அப்புறம் கடைன்னு ஒவ்வொருத்தரா விசாரிச்சு முதல்ல வாங்கினவரைப் பிடிக்கணும். மூடின கடைங்களோட பேப்பர் எல்லாம் பெட்டி பெட்டியா அங்கதான் வரும், அதை ஸ்கேன் பண்ணி வைக்கலாம், ஆனா வாங்கினவர் பேரைப் போட்டுத் தேடற மாதிரி வைக்கக்கூடாது. ஊழியருங்க உட்கார்ந்து பக்கம் பக்கமா கண்ணால பார்க்கறாங்க.