கடையில் எடுத்த கைத்தொலைபேசிக்கும் இணைப்புக்கும் யார் பொறுப்பு?

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் வசிக்கிறேன். ஜனவரி 20 ஆம் திகதி, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயர்ப்பலகை போட்ட கடையில் 68,000 ரூபா விலையுள்ள கைத்தொலைபேசி ஒன்றை, மாதக் கட்டண இணைப்போடு சேர்த்து எடுத்தேன். 18,000 ரூபா முற்பணம் கட்டினேன். மீதியை மாதம் 5,600 ரூபாவாக 12 மாதம் கட்ட வேண்டும். இணைப்புக்கு மாதம் 1,490 ரூபா என்றும், "அக்கா, மூன்று மாதம் வைத்திருந்தால் போதும், பிறகு விடலாம்" என்றும் கடைத் தம்பி சொன்னார். வந்த பில் 2,870 ரூபா. நிறுவனத்துக்கு அழைத்தால் 24 மாத ஒப்பந்தம் என்கிறார்கள். ஆறு கிழமையில் போனும் சார்ஜ் ஏறாமல் சூடாகிறது. கடையில் கேட்டால் தண்ணீர் பட்டிருக்கிறது, கம்பனியோடு கதையுங்கள் என்கிறார்கள். கம்பனி கடையைக் காட்டுகிறது. இலண்டனில் இருக்கும் தம்பி, 14 நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்கிறான். என்னுடைய அடையாள அட்டை தெளிவில்லை என்று அம்மாவின் அட்டையில்தான் இணைப்பைப் பதிந்தார்கள். தவணையை நிறுத்தட்டுமா? இனிமேல் கடையில் வாங்காமல் நேரே நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டுமா?
(ஏப்ரல் 2 ஆம் திகதியிட்ட கடிதத்திலிருந்து சுருக்கியது.)

பதில்: சகோதரி, முதலில் ஒரு நாட்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவசரமானது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின் கீழ், உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பழுது தெரிய வந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து. உங்கள் கணக்கில் அது ஏப்ரல் 20 ஐ ஒட்டி முடிகிறது. நடுவில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வருகிறது என்பதால், விடுமுறைக்கு முன்பாகவே மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை அலுவலகத்தில் முறைப்பாட்டைக் கையளித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. ஒரு வருட உத்தரவாதத்தோடு விற்கப்படும் பொருளுக்கு மூன்று மாதத்தில் கதவடைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

இனி, உங்கள் சிக்கலின் வேர். எல்லாப் படிவங்களும் ஒரே மேசையில் ஒரே அரை மணி நேரத்தில் முடிந்ததால் அதை ஒரே கொடுக்கல் வாங்கலாக நினைக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிரதிகளைப் பார்த்தால் அவை மூன்று. போனை விற்றது கடை, ஏனெனில் துண்டில் அச்சிட்டிருப்பது கடையின் பெயர். இணைப்பைக் கொடுத்தது தொலைபேசி நிறுவனம், ஏனெனில் விண்ணப்பப் படிவமும் பில்லும் அதனுடையவை. தவணைக்குக் காசு போட்டது இவை இரண்டுமல்லாத ஒரு நிதி நிறுவனம், அதன் பெயர் நீல நிறப் படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. கடையும் கம்பனியும் உங்களைப் பந்து போல் மாறி மாறித் தள்ளிவிட முடிவது, எந்தக் குறைக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் பிரித்துக் கேட்காததால்தான்.

போனின் பழுதுக்கு முதலில் பொறுப்பானது கடை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது, யாரும் எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கும் நிபந்தனை. அந்தக் கடப்பாடு விற்பவருடையது. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேலதிகமாகக் கிடைக்கும் ஒன்றே தவிர, கடைக்காரர் கைகழுவுவதற்கான தண்ணீர் அல்ல. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்று துண்டின் கீழே அடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், இப்படிப்பட்ட வாசகங்களால் பொறுப்பிலிருந்து தப்புவதற்கு எல்லை விதிக்கிறது.

தண்ணீர் பட்டது என்ற பதிலைப் பற்றி ஒரு வார்த்தை. போன் பழுது வழக்குகளில் பத்துக்கு எட்டில் நான் கேட்கும் பதில் இது. உண்மையிலேயே ஈரம் போயிருந்தால் உங்கள் உரிமை பலவீனப்படும். ஆனால் அதை வாயால் சொன்னால் போதாது. யார் திறந்து பார்த்தார், எந்தப் பாகத்தில் என்ன கண்டார், எந்தத் திகதி என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். சொன்னவர் எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே முறைப்பாட்டில் குறிப்பிடுங்கள். அதுவரை சந்தியிலுள்ள திருத்தும் கடையில் போனைத் திறக்க விடாதீர்கள். பின்பக்க மூடியில் ஒரு கீறல் விழுந்தாலும் அதை வைத்தே எதிர்த் தரப்பு வாதிடும். அதிகார சபை விசாரித்து உங்கள் பக்கம் நியாயம் கண்டால், மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு செலுத்தவோ கட்டளையிடலாம். கேட்டால் திகதியும் விலையும் குறித்த பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை (2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு) என்பதால், கையால் கிறுக்கிய அந்தத் துண்டுக்குப் பதில் முழுமையான பற்றுச்சீட்டையும் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

மாதக் கட்டணமும் 24 மாதமும் வேறு கதை. இதில் எதிர்த் தரப்பு தொலைபேசி நிறுவனம். கடைத் தம்பி தன் வாயால் சொன்ன 1,490 ரூபாவும் மூன்று மாதமும் நிறுவனத்தைக் கட்டுமா என்பதே கேள்வி. விந்தையாகத் தோன்றலாம், முதல்வருக்கும் (வேலையை ஒப்படைப்பவருக்கும்) முகவருக்கும் (அவர் சார்பில் செயற்படுபவருக்கும்) இடையிலான விடயங்களில் நம் நாட்டில் 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இன்றும் ஆங்கிலச் சட்டமே செல்லும். அதன்படி, ஒருவர் தன் சார்பில் பேச அதிகாரமுள்ளவர் என்று வெளியுலகம் நம்பும்படி இன்னொருவரை நிறுத்தி வைத்தால், அவர் அந்த வரம்புக்குள் சொன்னதற்கு நிறுத்தியவரே பொறுப்பு. இங்கே கடையின் தன்மை முக்கியமாகிறது. எல்லா நிறுவனங்களின் ரீலோடும் போட்டு, கவரும் சார்ஜரும் விற்று, சுவரில் நாலு நிறத்தில் விளம்பரம் ஒட்டியிருக்கும் கடை, ஒட்டிய விளம்பரத்தால் மட்டும் யாருக்கும் முகவராகிவிடாது. ஆனால் நீங்கள் போன கடையில் ஒரே நிறுவனத்தின் பெயர்ப்பலகையும், அதன் மேற்சட்டை அணிந்த பணியாளரும், அதன் அச்சுப் படிவமும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலை பலமானது.

இடையூறு ஒன்றும் உண்டு. படிவத்தில் 24 மாதம் என்று அச்சிடப்பட்டு, அதன் கீழ் கையெழுத்தும் இருக்கிறது. எழுத்தில் உள்ளதை வாய்ப்பேச்சால் மறுதலிக்க 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொதுவாக இடம் தராது. ஆனால் ஏமாற்றுக் காரணமாகவோ தவறின் காரணமாகவோ ஒப்பம் பெறப்பட்டது என்பதை நிரூபிக்க அதே சட்டத்தின் 92 ஆம் பிரிவில் வழி விடப்பட்டிருக்கிறது. தவிர, நுகர்வோரை வழிதவறச் செய்யும் நடத்தையையும் பொய்யான எடுத்துரைப்பையும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30, 31 ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. ஆகவே, "அக்கா, மூன்று மாதம் போதும்" என்று கடைத் தம்பி பிறகு வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இந்தக் கோப்பிலேயே மிகப் பெறுமதியான பொருள். அதை அழிக்காதீர்கள். அது பழுதான போனிலேயே இருப்பதால், இன்றே வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது.

நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் பிரதியைக் கேளுங்கள். 1,490 ரூபாவை ஏற்று, மீதியை மறுப்பதாகச் சொல்லி, ஏற்கும் தொகையைக் கட்டிவிடுங்கள். சிம்மை உடைத்துக் குப்பையில் போட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று விசுவமடுவிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் வந்த இருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் பில் தொடர்ந்து வந்தது, பின்பு சட்டத்தரணியின் கடிதமும் வந்தது. நிறுவனத்தின் பதில் திருப்தியாக இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். வழக்கு என்று போவதற்கு முன் மத்தியஸ்த சபையை, நம் ஊரில் இணக்கசபை என்பதை, நாட வேண்டியிருக்கும். இந்தத் தொகைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

தவணையை நிறுத்த வேண்டாம். கோபம் கடை மேல், காசு போக வேண்டியது நிதி நிறுவனத்துக்கு. நிறுத்தினால் உங்கள் பெயர் கடன் தகவல் பணியகத்தில், மக்கள் சொல்வது போல் கிரிப்பில், விழும். அடுத்த போகத்துக்கு விதைநெல் கடனோ உழவு இயந்திர லீசிங்கோ கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆனால் நீலப் படிவத்தை எடுத்து ஒன்றைப் பாருங்கள். கடைசித் தவணை வரை போனின் உடைமை நிதி நிறுவனத்திடமே இருக்கும் என்று அதில் எழுதியிருந்தால் அது வாடகைக் கொள்வனவு. 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் அதற்குப் பொருந்தும், பழுதைப் பற்றி அந்த நிறுவனத்திடமும் கேட்க இடம் உண்டாகும். எனவே கடைக்கு அனுப்பும் கடிதத்தின் பிரதியை அவர்களுக்கும் அனுப்புங்கள். கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 12 தவணை 67,200 ரூபா, முற்பணத்தோடு 85,200 ரூபா. 68,000 ரூபா போனுக்கு 17,200 ரூபா மேலதிகம். இந்தத் தொகையைக் கடையில் யாரும் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இலண்டன் தம்பி சொன்ன 14 நாள் பிரித்தானியச் சட்டம். அங்கும் அது இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ செய்யும் கொள்வனவுக்கு 2013 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தரும் உரிமையே தவிர, கடைக்குள் நின்று வாங்குவதற்கு அல்ல. பழுதில்லாத பொருளை மனம் மாறித் திருப்பும் உரிமையை நம்பி இங்கே எதையும் வாங்க வேண்டாம்.

இனி எங்கே வாங்குவது என்ற கேள்வி. நிறுவனத்தின் சொந்தச் சேவை நிலையத்தில் எடுத்தால் இணைப்புக்கும் பில்லுக்கும் பதில் சொல்பவர் ஒருவரே, சொன்ன வார்த்தைக்கு முகவர் சிக்கலும் எழாது. அதற்காகப் பரந்தன் வீதியில் பஸ் ஏறி ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஊர்க் கடையில் விலை பேசலாம், அறுவடை வரை தவணை சொல்லலாம், பழுதென்றால் மறுநாளே போய் நிற்கலாம். நான் சொல்லக்கூடியது, போனைத் தெரிந்த கடையில் ரொக்கத்துக்கோ கடையே தரும் தவணைக்கோ வாங்குங்கள், மாத ஒப்பந்தத்தை மட்டும் நிறுவனத்திடம் நேரே எடுங்கள், இரண்டையும் ஒரே படிவத்தில் கோக்க விடாதீர்கள். உங்கள் வீட்டில் சிக்னல் வருமா என்று கடைக்காரரிடம் கேட்காமல், அதே நிறுவனத்தின் முற்கொடுப்பனவு சிம் ஒன்றை வாங்கி ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள். காசு கொடுக்கும் முன் போனில் *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை, ஐஎம்ஈஐ என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி இடைவெளி விட்டு, 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தப் போன் ஆணைக்குழுவில் பதிவானதா என்பது தெரியும்.

கடைசியாக, அம்மாவின் அடையாள அட்டை. இணைப்பு ஒப்பந்தத்தில் சட்டப்படி தரப்பினர் நீங்கள் அல்ல, அம்மா. நிறுவனத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் போகும் கடிதங்களில் அவரே ஒப்பமிட வேண்டும். கடைக்கு எதிரான முறைப்பாட்டில் நீங்கள் ஒப்பமிட வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், தரப்பினர் தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு சாட்டுக் கிடைக்கும், ஏப்ரல் 20 ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சாட்டே போதுமானதாகிவிடும். விண்ணப்பத்தில் உள்ள கையொப்பம் உண்மையில் அம்மா இட்டதுதானா, அல்லது அவருக்குப் பதில் நீங்கள் இட்டீர்களா என்பதை உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எதையும் அனுப்புவதற்கு முன் அதை ஒரு சட்டத்தரணியிடமோ கிளிநொச்சியிலுள்ள சட்ட உதவி நிலையத்திலோ ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியே மாறும்.