லைசென்ஸுக்கு சி-யா, எஸ்-ஸா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அலுவலகக் கடிதம், வங்கிக் காகிதம், பத்திரம் ஆகியவற்றில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியவை. தமிழில் எழுதும்போது ஒன்றாகவே தெரியும் சொற்களுக்கு, வேறுபடும் எழுத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயில்களை ‘ப்ளீஸ் அட்வைஸ்’ என்று முடிப்பது எங்கள் அலுவலக வழக்கம். அதில் சி போடுவதா, எஸ் போடுவதா? மேலாளர் ஒரு விதமாகத் திருத்துகிறார், உதவி மேலாளர் வேறு விதமாகத் திருத்துகிறார்.
– ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

எஸ். ‘ப்ளீஸ்’ என்று கேட்டபின் வருவது வினைச்சொல். அறிவுரை என்றால் சி, அறிவுரை சொல் என்றால் எஸ்.

காதாலும் பிரிக்கலாம். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘ஸ்’தான் போடுகிறோம், ஆங்கிலத்தில் ஒலி வேறு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். சி உள்ள சொல்லின் முடிவில் வெறும் காற்றுதான் வரும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. எஸ் உள்ளது வண்டின் ரீங்காரம்போல முடியும். விரலில் அதிர்வு தெரியும், அதற்கு முந்தைய ‘வை’யும் கொஞ்சம் நீளும். யூஸ், ஹவுஸ், எக்ஸ்கியூஸ் மூன்றிலும் இதே கதைதான். எழுத்து மாறாது, பெயர்ச்சொல்லானால் காற்று, வினையானால் ரீங்காரம். ‘லூஸ்’ விஷயத்திலும் இந்தச் சோதனை கைகொடுக்கும். ஒரே ஒரு ஓ இருப்பது ‘இழப்பது’, ரீங்காரத்தோடு முடியும். இரண்டு ஓ இருப்பதுதான் ‘சட்டை லூஸாக இருக்கிறது’ என்கிறோமே, அது.

லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டிலும் விரல் சோதனை பலிக்காது. பெயரும் வினையும் ஒரே ஒலி. அட்வைஸின் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்து வையுங்கள்: பிரிட்டிஷ் முறைப்படி பெயருக்கு சி, வினைக்கு எஸ். ஆகவே நம் ஓட்டுநர் உரிமத்தில் சி. ஆனால் ‘லைசென்ஸ்டு சர்வேயர்’ என்று எழுதினால் எஸ், ஏனென்றால் ‘உரிமம் அளிக்கப்பட்ட’ என்பது வினையிலிருந்து பிறந்தது. அமெரிக்கர்கள் லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பிராக்டிஸுக்கு எப்போதும் சி என்று முடித்துக்கொண்டார்கள். அட்வைஸில் மட்டும் இரு நாட்டாருக்கும் பேதமில்லை. வாங்குபவர் நியூயார்க்கா, லண்டனா என்று பார்த்து, ஒரு கடிதத்துக்குள் ஒரு முறையையே வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் சரியான பிரிட்டிஷ் எழுத்துக்கும் சிவப்புக் கோடு விழும். உங்கள் இரு மேலாளர்களின் சண்டைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று: அறிவுரைக்குப் பன்மையாக ‘அட்வைசஸ்’ கிடையாது. இன்ஃபர்மேஷன், எக்யுப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ் இவற்றுக்கும் கடைசியில் எஸ் சேராது. வங்கி அனுப்பும் ‘பேமென்ட் அட்வைஸ்’ அறிவுரை அல்ல, அறிவிப்பு. அதற்கும் சி-தான், வணிக வழக்கில் அதற்குப் பன்மையும் உண்டு.

வீட்டுக்கடன் ஸ்டேட்மென்டில் ஒரு பத்திக்கு ‘பிரின்சிபல்’ என்று தலைப்பு. பள்ளித் தலைமைக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்? அச்சுப்பிழையா?
– வாசகி, கோவை

பிழை இல்லை. அங்கே அதற்குப் பொருள் ‘அசல்’. பி-ஏ-எல் என்று முடிவதற்கு அடிப்படைப் பொருள் ‘முதன்மையானது’. கல்லூரி முதல்வர், கடனின் அசல், ஏஜென்ட் யாருக்காக வேலை செய்கிறாரோ அவர், எல்லாரும் இதில் அடக்கம். பி-எல்-இ என்று முடிவது கொள்கை, நெறி. அது பெயர்ச்சொல் மட்டுமே. ‘முக்கியமான’ என்ற பொருளில் அதைப் பயன்படுத்த முடியாது. வங்கி தரும் ‘இன்-பிரின்சிபிள் அப்ரூவல்’ கொள்கையளவிலான ஒப்புதல் என்பதால் அதற்கு பி-எல்-இ.

அந்தப் பத்தியில் தொகை சிறியதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 9 சதவீத வட்டியில் 10 லட்சத்தை 20 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 8,997 ரூபாய். முதல் மாதம் அதில் 7,500 வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 1,497 மட்டுமே.

மாநகராட்சி கவுன்சிலர், மனநல கவுன்சிலர், இன்ஜினீயரிங் கவுன்சிலிங், மூன்றும் ஒரே சொல்லா?
– ப்ளஸ் டூ மாணவியின் தாய், மதுரை

முதலாவது தனி, மற்ற இரண்டும் ஒரு குடும்பம். தமிழ்ப் பேச்சில் எல்லாமே ‘கவுன்சில்’ ஆகிவிட்டதால் வந்த வினை இது.

சி-ஐ-எல் என்று முடியும் கவுன்சில் ஒரு மன்றம், அவை. மாநகராட்சி மன்றம், ஜி.எஸ்.டி. கவுன்சில், தமிழ்நாட்டில் 1986-இல் கலைக்கப்பட்ட சட்ட மேலவை, எல்லாம் இதுதான். அதன் உறுப்பினர் கவுன்சிலர்.

எஸ்-இ-எல் என்று முடியும் கவுன்சல் ஆலோசனை; ஆலோசனை சொல்வதும் அதுவே. மனநல ஆலோசகரும், எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று தேர்வு செய்யும் கலந்தாய்வும் இங்கிருந்து வந்தவை. பிரிட்டிஷ் முறையில் கவுன்சலிங்குக்கு இரண்டு எல், அமெரிக்க முறையில் ஒன்று. எனவே மகள் நிரப்பும் படிவத்தில் எஸ் போடுங்கள்.

நீதிமன்றக் காகிதங்களில் இந்த எஸ் கவுன்சல் வழக்கறிஞரையும் குறிக்கும். மனுதாரர் தரப்பில் நான்கு பேர் வாதாடினாலும் ‘கவுன்சல் ஃபார் த பெட்டிஷனர்’ என்றே எழுதுவார்கள். வழக்கறிஞர் என்ற பொருளில் அதற்குப் பன்மையிலும் எஸ் சேர்ப்பதில்லை.

டைரி, டெய்ரி. எது பால், எது நாட்குறிப்பு?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பால் பண்ணைக்கு டி-க்குப் பின் ஏ, ஐ, உச்சரிப்பு ‘டேரி’. நாட்குறிப்புக்கு ஐ, ஏ, ‘டயரி’. 1905 முதல் விற்கும் சாக்லெட்டின் பெயரும் பால் வகையே. கடையில் ‘டைரி மில்க்’ என்று கேட்டாலும் கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் யாரும் திருத்திக்கொள்வதில்லை.

‘பாரோ’, ‘லெண்ட்’ இரண்டையும் எப்போதும் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்திரங்களில் வரும் லெஸ்ஸர், லெஸ்ஸீயும் குழப்புகின்றன.
– ஆவண எழுத்தர் அலுவலக உதவியாளர், சேலம்

பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். உங்களிடம் வந்தால் பாரோ, உங்களிடமிருந்து போனால் லெண்ட். ‘ஒரு நூறு ரூபாய் கொடேன்’ என்பதை ‘கேன் யூ பாரோ மீ’ என்று கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ‘கேன் யூ லெண்ட் மீ’ அல்லது ‘கேன் ஐ பாரோ ஃப்ரம் யூ’ என்று கேளுங்கள். பாரோவுடன் ஃப்ரம், லெண்டுடன் டு. லெண்டின் இறந்தகாலம் ‘லெண்ட்’டில் கடைசி டி-யை எடுத்துவிட்டு, ‘ரென்ட்’டின் கடைசியில் வரும் டீ எழுத்தைப் போட்டது, ‘லெண்டட்’ என்று ஒன்று இல்லை.

‘ரென்ட்’ சொல்லுக்கு இந்தத் திசை வேறுபாடு கிடையாது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே சொல்லைச் சொல்லலாம். விடுபவர் பக்கத்தை மட்டும் சொல்ல ‘லெட்’ இருக்கிறது. வாசலில் தொங்கும் பலகையில் ‘டு’வுக்கும் ‘லெட்’டுக்கும் நடுவே இடைவெளி விடாமல் எழுதுகிறார்கள், யாராவது அதில் ஓர் ஐ சேர்த்துவிட்டால் அது கழிப்பறை.

லீஸில் எச்சரிக்கை தேவை. நம் ஊரில் ‘வீடு லீஸுக்கு’ என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லை மட்டும் எழுதினால், மாத வாடகைக்கான ஒப்பந்தம் என்றே புரிந்துகொள்வார். கடிதத்தில் விளக்கி எழுதிவிடுங்கள்.

பத்திரச் சொற்களில் ஓ-ஆர் என்று முடிபவர் கொடுப்பவர், இரட்டை இ-யில் முடிபவர் பெறுபவர். குத்தகைக்கு விடுபவர் லெஸ்ஸர், எடுப்பவர் லெஸ்ஸீ. இதுவரை சிக்கல் இல்லை. அடமானத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பணம் கொடுப்பது வங்கி என்பதால் வங்கியை மார்ட்கேஜர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இங்கே கொடுக்கப்படுவது பணம் அல்ல, சொத்தின் மீதான உரிமை. அதைக் கொடுப்பவர் கடன் வாங்குபவர், ஆகவே அவரே மார்ட்கேஜர்; வங்கி மார்ட்கேஜீ. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவும் அப்படியே சொல்கிறது. பெயரை மாற்றிப் போட்டால் பத்திரத்தில் கடமைகளெல்லாம் தலைகீழாகிவிடும்.

‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்பதில் ஏ போட்டு ஓர் ஆணை வந்திருக்கிறது. இரண்டும் சரியா?
– அரசு ஊழியர், விழுப்புரம்

தவறு. அங்கே ‘நடைமுறைக்கு வரும் நாள்’ என்பதால் இ-தான். ஏ-யில் தொடங்குவது பெரும்பாலும் வினை: மழையால் போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்பதற்கு ஏ. இ-யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர்: மருந்தின் சைட் எஃபெக்ட். முன்னால் ‘த’, ‘ஆன்’, ‘சைட்’ ஏதாவது ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டினால் இ.

‘பெரும்பாலும்’ என்று இரண்டு முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. இ-யில் தொடங்குவது அலுவலக ஆங்கிலத்தில் வினையாகவும் வரும். அப்போது ‘நிறைவேற்று’ என்று பொருள். ‘டு எஃபெக்ட் த டிரான்ஸ்ஃபர்’ என்றால் இடமாற்றத்தைச் செயல்படுத்து. அதையே ஏ போட்டு எழுதினால் இடமாற்றத்துக்கு ஏதோ பாதிப்பு என்றாகிவிடும். ஆணையில் இந்த இடத்தைத் திருத்தும் முன் பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுள் பாலிசியில் ‘சம் அஷ்யூர்டு’, மருத்துவ பாலிசியில் ‘சம் இன்ஷ்யூர்டு’. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

மரணம் என்றாவது வரும் என்பது உறுதி, நோயும் விபத்தும் வரலாம், வராமலும் போகலாம். உறுதியானதற்கு ‘அஷ்யூரன்ஸ்’, உறுதியில்லாததற்கு ‘இன்ஷ்யூரன்ஸ்’ என்பது பிரிட்டிஷ் காப்பீட்டுத் துறையின் பழைய வழக்கம். அது இங்கேயும் தங்கிவிட்டது. பொது வழக்கில், ஆளுக்கு உறுதிமொழி கொடுப்பது அஷ்யூர். காரியம் நடக்கும்படி பார்த்துக்கொள்வது என்ஷ்யூர், அதற்கு இ. கடிதங்களில் ‘என்ஷ்யூர்’ வரவேண்டிய இடத்தில்தான் ஐ போட்டுப் பலர் காப்பீடு செய்துவிடுகிறார்கள்.

கடைப் பலகைக்கு ‘ஸ்டேஷனரி’ எழுத வேண்டும். பெயின்டர் ஏ-ஆர்-ஒய் என்கிறார்.
– கடைக்காரர், காரைக்குடி

இ-ஆர்-ஒய். ஏ போட்டால் ‘நகராமல் நிற்கிற’ என்று பொருள். என்வலப் இ-யில் தொடங்குகிறது என்று நினைவு வைத்தால் போதும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரிக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். பெயின்ட் அடிக்கும் முன் எழுத்துகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ஸ்டேஷனரிஸ்’ என்று பன்மை வேண்டாம், அதுவும் லக்கேஜ் மாதிரிதான்.