டுரியான் ஐஸும் ஆர்கனும்

ஐயா, வணக்கம்.

வால்நட்சத்திரப் பனிக்குள் ஆர்கன் வாயு அடைபட்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். ஆர்கன் எதோடும் சேராது என்றுதான் பள்ளியில் படித்தேன். அது எப்படிப் பனியில் தங்கும்? எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் டுரியான் பழம் வைத்தால் ஐஸ்கட்டியெல்லாம் அந்த வாசம்தான். அந்த மாதிரியா?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு,

அந்த மாதிரி இல்லை. தண்ணீர் நிதானமாக உறையும்போது தனக்குள் கரைந்திருக்கும் காற்றை வெளியே தள்ளும். ஐஸ்கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது ஓட இடமில்லாமல் கடைசியில் மாட்டிக்கொண்ட காற்று. டுரியான் வாசம் பெரும்பாலும் மேலோடு சரி. கட்டியைக் குழாயில் கழுவிப் பாருங்கள்.

விண்வெளியில் நீராவி நேராகவே பனியாகப் படிகிறது. மைனஸ் 140 டிகிரிக்கும் கீழே என்றால், நீர் மூலக்கூறுக்கு நகர்ந்து வரிசையில் நிற்கத் தெம்பு இருக்காது. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படிக் குவிந்த பனி முழுக்க நுண்துளை. கூட வந்த ஆர்கன் துளைக்குள் புகும், மேலே அடுத்த படலம் விழுந்து வாயை அடைக்கும். ஆர்கன் எதோடும் சேர வேண்டியதில்லை, வெளியே வர வழி இல்லாமல் போனால் போதும்.

நீங்களும் தோட்டத்துப் பக்கம்தானே, ரப்பர் ஷீட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் ஆசிட் கலந்ததும் நுரையை வழிக்காமல் விட்டால் பால் குமிழியோடு உறையும். புகைபோட்ட ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அப்பா ஒரு பலகைத் துண்டால் வழிப்பார். ஒருநாள் நான் மறந்தேன். அந்த ஷீட்டுக்கு விலை குறைந்தது, எனக்குத் திட்டு கிடைத்தது. குமிழி கண்ணுக்குத் தெரியும், பனித்துளை தெரியாது; மற்றபடி இரண்டும் மாட்டிக்கொண்ட கதைதான்.

இஸ்ரேல் விஞ்ஞானி அக்கிவா பார்-நுன் குழுவினர் 1980களில் இதைச் சோதித்தார்கள். மைனஸ் 249 டிகிரி வரை குளிரூட்டிய தகட்டில் நீராவியையும் ஆர்கன் போன்ற வாயுக்களையும் ஒன்றாகப் படியவிட்டு, மெல்லச் சூடாக்கினார்கள். தனி ஆர்கன் என்றால் மைனஸ் 230க்குள் பறந்திருக்கும். இதிலோ ஒரு பங்கு, பனி மூலக்கூறுகள் நகர்ந்து வரிசையில் நின்று படிகமாகும் மைனஸ் 138க்குமேல்தான் வெளியே வந்தது. இன்னொரு பங்கு பனியே ஆவியாகும்வரை பிடிவாதமாக இருந்தது.

67பி வால்நட்சத்திரத்தில் ரொசெட்டா விண்கலம் 2014ல் அளந்த ஆர்கனும் இப்படி வந்தது என்பது ஒரு கட்சி. படிகப் பனியின் கூண்டுகளுக்குள் அடைபட்டது என்று இன்னொரு கட்சியும் உண்டு. நான் முதல் கட்சி, நுரை வழிக்க மறந்தவன் என்பதால் இருக்கலாம்.