அமெரிக்காவின் அயல்நாட்டு ராணுவத் தலையீடுகளில் மிகவும் கண்டிக்கத்தக்கது எது?

இந்தக் கேள்விக்கு வியட்நாம் என்றோ இராக் என்றோ பதில் சொல்வதே வழக்கம். என்னைக் கேட்டால் வியட்நாமை ஒட்டியுள்ள சிறு நாடான லாவோஸ் என்பேன். உயிர்ச்சேதத்தில் வியட்நாம் பல மடங்கு பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் போரை அமெரிக்க மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள், தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். லாவோஸ் போரோ, அவர்கள் பார்வைக்கு வராமலேயே நடத்தப்பட்டது.

1962ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி லாவோஸ் ஒரு நடுநிலை நாடு. அதை முதலில் மதிக்காதது வட வியட்நாம்தான், அதன் படைகள் லாவோஸை விட்டு வெளியேறவே இல்லை என்று அமெரிக்காவின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். படைகள் வெளியேறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலடியாக 1964 முதல் 1973 வரை சுமார் 5,80,000 முறை விமானங்களை அனுப்பி, முப்பது லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டியதை எந்த உடன்பாட்டைக் காட்டி நியாயப்படுத்துவது?

போர் அறிவிக்கப்படாததால் அதற்கென்று ஒரு தளபதியும் இல்லை. எங்கே குண்டு வீசலாம் என்பதற்கான ஒப்புதல், தலைநகர் வியஞ்சானில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் வழியாகப் போனது. 1964 முதல் 1969 வரை தூதராக இருந்த வில்லியம் சல்லிவன்தான் நடைமுறையில் தளபதி. தரையில் சண்டையிட ஹமாங் மலைவாழ் மக்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தது சி.ஐ.ஏ. 1968 நவம்பரில் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை அமெரிக்க அதிபர் ஜான்சன் நிறுத்தியபோது, அந்த விமானங்கள் ஓய்வெடுக்காமல் லாவோஸுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஏன் என்று செனட் குழு 1969இல் விசாரித்தபோது, இத்தனை விமானங்களைச் சும்மா நிறுத்தி வைத்திருக்க முடியாதல்லவா என்ற பொருளில் தூதரக அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். நான் படித்த போர்க்காலச் சாட்சியங்களில் இதைவிடக் கூச்சமற்ற ஒன்றைக் கண்டதில்லை.

வீசியவற்றில் ஏராளமானவை கொத்துக் குண்டுகள். உறை நடுவானில் திறந்துகொள்ள, டென்னிஸ் பந்தளவுள்ள நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் சிதறி விழும். இப்படி விழுந்தவை சுமார் 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. சேற்று வயலில் புதைந்தவை மண்வெட்டி படும்போது வெடிக்கின்றன. மேலே அடுப்பு மூட்டினால் சூட்டில் வெடிக்கின்றன. பந்து என்று எடுத்து விளையாடிய பிள்ளைகளின் கையில் வெடித்திருக்கின்றன. போர் முடிந்த பிறகு மட்டும் சுமார் 20,000 பேர் இறந்தோ காயமடைந்தோ இருக்கிறார்கள். சியெங்குவாங் மாகாணத்தில் குண்டு உலோகத்தை உருக்கிக் கரண்டி வார்த்து விற்பதே ஒரு கிராமத்தாரின் கைத்தொழிலாகிவிட்டது.

2016இல் லாவோஸுக்குச் சென்ற ஒபாமா, பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க அதிபர். குண்டுகளை அகற்ற மூன்று ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் 2008ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அமெரிக்கா இன்றுவரை கையெழுத்திடவில்லை. 2023 ஜூலையில் அதே வகைக் குண்டுகளை உக்ரைனுக்கு அனுப்ப அது முடிவு செய்தபோது, அவற்றால் உலகிலேயே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நாடு என்ற முறையில் லாவோஸ் அரசு கவலை தெரிவித்தது. குண்டுகள் அனுப்பப்பட்டன.