ஜெபமாலையை உருட்டினால் வரைபடம் வருமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் சர்வே துறைக்காக யாத்திரிகன் வேஷத்தில் திபெத்தை ரகசியமாக அளந்த நைன் சிங் பற்றிய கட்டுரையை வாசித்தேன். நான் சைட் இன்ஜினியர். தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்து அளந்தே சாயங்காலம் எங்களுக்குக் கணக்கு இடிக்கும். இவர் திபெத் மலைகளில் காலடியை எண்ணியே 1,200 மைல் போல அளந்தார் என்கிறீர்கள். ஏற்றத்திலும் பனியிலும் காலடி ஒரே அளவாகவா விழும்? கொஞ்சம் பில்டப் போலத் தெரிகிறது.

கதிர்

அன்புள்ள கதிர்,

நியாயமான கேள்வி, தப்பு என்னுடையதுதான். 108 மணி இருக்க வேண்டிய ஜெபமாலையில் 100 மணி, நூறு காலடிக்கு ஒரு மணி, ஜெபமாலை ஒரு சுற்று வந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல் என்று சொல்லிக்கொண்டே போன ஜோரில் மீதியை விட்டுவிட்டேன்.

காலடிக்கணக்கு மட்டும் என்றால் லாசா படத்தில் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். அவருடைய பெட்டிக்குள் ரகசிய அறை, அதில் செக்ஸ்டன்ட், அதாவது நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கோணம் அளக்கும் கருவி. கடலில் தொடுவானம் கிடைக்கும், மலைக்கு நடுவே ஏது? அதனால் சோழிக்குள் அடைத்துக் கொண்டுபோன பாதரசத்தைப் பிச்சைப் பாத்திரத்தில் ஊற்றுவார். அது அசைவு நின்று கண்ணாடி போல ஆனதும், வானத்து நட்சத்திரத்துக்கும் பாத்திரத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து பாதியாக்கினால் நட்சத்திரத்தின் உயரம் வரும், அதிலிருந்து அட்சரேகை. அத்தனையும் யார் கண்ணிலும் படாமல், திபெத்துக் குளிரில். 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்து அவர் எடுத்த அட்சரேகை 29 பாகை 39 கலை. இன்றைக்கும் அதுதான்.

ஆக, வடக்கு தெற்காக நடந்த தூரத்தை அட்சரேகையோடு ஒப்பிட்டு காலடியின் சராசரி நீளத்தைச் சரிபார்க்கலாம். டிராவர்ஸில், அதாவது புள்ளி புள்ளியாக அளந்துகொண்டே போவதில், வரும் பிழையை நீங்கள் பகிர்ந்து போடுவீர்களே, அந்த வகைதான். சிக்கல் கிழக்கு மேற்கில். தீர்க்கரேகைக்கு நம்பகமான கடிகாரம் வேண்டும், அது அவரிடம் இல்லை. அவர் அளந்த திபெத்தின் சாங்போ ஆறு ஓடுவதோ கிழக்காக. அங்கே காம்பஸும் கால்களும்தான் கதி, உங்கள் சந்தேகம் அந்த இடத்தில் செல்லும்.

உயரத்துக்கு வெந்நீர். மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். லாசாவில் ஏறக்குறைய 88 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் கைத்தடிக்குள் இருந்தது. சில நூறு அடி முன்னே பின்னே போகும், பரவாயில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கும் யாத்திரிகனைப் பார்த்தால் டீ போடுகிறான் என்றுதானே யாரும் நினைப்பார்கள்!